ரைசன் 5 5600எக்ஸ்: ப்ராசஸரைக் கெடுக்காமல் ஓவர்கிளாக் செய்ய

ஓவர்கிளாக் (ப்ராசஸரை அதற்கென்று வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) என்றதும் பலர் பயோஸுக்குள் (விண்டோஸ் திறக்கும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் மல்டிப்ளையரை (100 மெகாஹெர்ட்ஸைப் பெருக்கி வேகத்தைத் தரும் எண்) 47 என்று வைத்து, வோல்ட்டேஜை 1.4-க்கு ஏற்றி, விண்டோஸ் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ப்ராசஸரின் ஆயுளைத் தின்பது வோல்ட்டேஜும் அதோடு வரும் சூடும்தான். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் மின்சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும், ஆனால் வோல்ட்டேஜைப் பத்து சதவீதம் கூட்டினால் அது இருபது சதவீதத்துக்கு மேல் எகிறும், ஏனென்றால் அங்கே கணக்கு வர்க்கத்தில் போகிறது.

நான் சொல்வதெல்லாம் என்னிடம் உள்ள ரைசன் 5 5600எக்ஸை வைத்து. 2020 நவம்பரில் வந்த ஏஎம்டியின் ஆறு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) சிப், அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட் (தானாக ஏறும் உச்ச வேகம்) 4.6. இதில் எல்லா கோரையும் 4.5-இல் பூட்டி வைத்தால் ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்போது தானாகக் கிடைக்கும் 4.6 போய்விடும், கேம் ஆடுகிறவருக்கு அது நஷ்டம். அதனால் பிபிஓவும் (சிப்பின் பவர் வரம்புகளைத் தளர்த்தும் ஏஎம்டி வசதி) கர்வ் ஆப்டிமைசரும் (ஒவ்வொரு கோரின் வோல்ட்டேஜையும் கூட்டிக் குறைக்கும் வசதி)தான் என் வழி: வோல்ட்டேஜைக் குறைத்து, மிச்சமாகும் இடத்தில் சிப்பையே வேகமாக ஓடவிடுவது.

முதலில் மதர்போர்டு எந்த வகை என்று பாருங்கள். பி450, பி550, எக்ஸ்570 என்றால் சரி, ஏ520-இல் பெரும்பாலும் இதற்கு வழியில்லை. (இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு: பெயரின் கடைசியில் கே எழுத்து உள்ள சிப்பும் இசட் வரிசை போர்டும் வேண்டும்.) பெட்டியோடு வரும் சின்னக் கூலரோடு பவர் வரம்பை ஏற்றுவதில் அர்த்தமில்லை, ஒரு நல்ல டவர் கூலர் வாங்கிவிடுங்கள். பயோஸ் அப்டேட் செய்வதாக இருந்தால் யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள், நடுவில் கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம். முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்புறம் எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவை (வெப்பம், வோல்ட்டேஜ், வேகம் காட்டும் மென்பொருள்) திறந்து வைத்து சினிபெஞ்ச் ஆர்23-ஐ (ப்ராசஸரின் வேகத்துக்கு மதிப்பெண் போடும் சோதனை) பத்து நிமிடம் ஓட்டி, மதிப்பெண்ணையும் உச்ச வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். லேசான வேலையில் வோல்ட்டேஜ் 1.45 பக்கம் போய் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது சிப்பே ஒரு கணம் கேட்டு வாங்குவது. அதே எண்ணை நீங்கள் நிரந்தரமாகப் பூட்டி முழு லோடு கொடுத்தால்தான் ஆபத்து.

இப்போது பயோஸில் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் பக்கத்துக்குப் போய் பிபிஓவை அட்வான்ஸ்டு ஆக்குங்கள். இந்தச் சிப்பின் இயல்பான பிபிடி (சிப் எடுக்கக்கூடிய மின்சக்தியின் வரம்பு) 76 வாட், நான் 100 வைத்திருக்கிறேன். வரம்பை மதர்போர்டே தீர்மானிக்கட்டும் என்று ஒரு தேர்வு இருக்கும், அதை எடுக்காதீர்கள், பல போர்டுகளில் அதற்கு வரம்பே இல்லை என்றுதான் பொருள். சிப்பின் வெப்ப எல்லை 95 டிகிரி, அதே பக்கத்தில் அதை 85 என்று குறைத்து வைக்கலாம், கட்டாயம் வையுங்கள். பூஸ்ட் வேகத்தை 200 மெகாஹெர்ட்ஸ் வரை கூட்ட அனுமதி உண்டு, முதல் நாள் அதைத் தொட வேண்டாம்.

கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோருக்கும் நெகட்டிவ் 10 போடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். சினிபெஞ்ச் மதிப்பெண் ஏறினால் 15, பிறகு 20 என்று போங்கள், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். ராம் வேகத்தை அதே நாளில் மாற்றினால் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. வேகம் அதிகமாகக் காட்டியும் மதிப்பெண் இறங்கினால் வோல்ட்டேஜ் போதவில்லை, எச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரியில் உண்மை வேகம் தெரியும்.

இனி சொல்வதுதான் மிக முக்கியம். நான் முதல் தடவை எல்லா கோரிலும் நெகட்டிவ் 30 வைத்தேன், சினிபெஞ்ச் ஒரு மணி நேரம் ஓடியது, ப்ராசஸரை வாட்டிச் சோதிக்கும் பிரைம்95-உம் ஓடியது, நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்த கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனது, அதற்குள் நான் சுருக்கி வைத்திருந்த குடும்பப் படங்களின் கோப்பு ஒன்று திறக்கவே இல்லை. மூலப் படங்கள் வேறு டிஸ்க்கில் இருந்ததால் தப்பித்தேன். முழு லோடில் வேகம் இறங்கி நிற்பதால் அங்கே குறை தெரியாது, ஒரே கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் வோல்ட்டேஜ் பற்றாமல் விழும். அதற்காகவே கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி இருக்கிறது, ஒவ்வொரு கோராகச் சோதிக்கும். இரவு முழுக்க ஓடவிடுங்கள், ஒரு இரவு போதாது, இரண்டு மூன்று இரவு. ஈவன்ட் வியூவரில் (விண்டோஸின் பிழைப் பதிவேடு) டபிள்யூஎச்இஏ லாகர் 18 என்று ஹார்டுவேர் பிழை வந்திருந்தால் அதிலுள்ள ஏபிஐசி எண்ணை இரண்டால் வகுத்தால் எந்தக் கோர் என்று தெரிந்துவிடும் (மீதியை விட்டுவிட்டு, கோர்களைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுங்கள்), அந்தக் கோருக்கு மட்டும் ஐந்து எண் விட்டுக்கொடுங்கள், அதாவது நெகட்டிவ் 20 என்றால் 15 ஆக்குங்கள். ரைசன் மாஸ்டரில் (ஏஎம்டியின் சொந்த மென்பொருள்) நட்சத்திரம் போட்ட நல்ல கோர்கள்தான் பெரும்பாலும் குறைவாகத் தாங்கும். என்னுடையதில் அவை இரண்டும் நெகட்டிவ் 8-இல் நிற்கின்றன, மற்றவை 20.

திரையே வராமல் போனால் பதற வேண்டாம். பவர் சப்ளையை அணைத்து வயரைப் பிடுங்கி, போர்டில் கிளியர் சிமாஸ் என்றிருக்கும் இரண்டு முனைகளை ஸ்க்ரூடிரைவரால் சில விநாடி தொட்டுப் பிடியுங்கள், இல்லையென்றால் வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வையுங்கள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், அதனால் சரியாக அமைந்த ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் மார்கழியில் செய்த சோதனையை அக்னி நட்சத்திரத்துக்கு நம்ப முடியாது. அறை வெப்பம் பத்து டிகிரி ஏறினால் சிப்பிலும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். மே மாதம் கூலரின் தூசியைத் தட்டிவிட்டு, மதிய வெயிலில், ஏசி போடாமல், சினிபெஞ்சை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். 85-இல் முட்டி நின்றால் பிபிடியைப் பத்து வாட் இறக்கிவிடுங்கள்.