பார்வை மங்கியவருக்குத் தமிழில் அச்சிட: எழுத்துரு தெரிவு

‘எரி’யும் ‘ஏரி’யும் ஒரு கீற்றால் வேறுபடுகின்றன, ‘கொடி’யும் ‘கோடி’யும் கொம்பிலுள்ள ஒரு சுழியால். பார்வை குறைந்தவருக்கு முதலில் கரைந்துபோவது இந்தச் சிறு பகுதிகளும் புள்ளியும்தான். இவை தெளிவாக நிற்கும் எழுத்துருவே நல்லது.

நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், கோடு சீரானது. விண்டோஸ் கணினிகளில் நிர்மலா யூஐ ஏற்கெனவே இருக்கும். கலியாண அழைப்பிதழ்களுக்கான அலங்கார எழுத்துருக்கள் வேண்டாம். நோட்டோவில் மீடியம் அல்லது செமிபோல்ட் தடிப்புப் போதும். மிகத் தடித்த பிளாக் வரை போனால் ண, ஞ, ணை ஆகியவற்றின் உள்வெளி அடைபட்டுவிடும். ஆங்கிலத்துக்குப் பெயர்பெற்ற அட்கின்சன் ஹைப்பர்லெஜிபிள் எழுத்துருவில் தமிழ் எழுத்தே இல்லை. அதைத் தெரிவுசெய்தால் கணினி தானாக வேறொன்றை இட்டுவிடும்.

பிறகு சோதனை. எரி, ஏரி, கொடி, கோடி, பன், பண், கல், கால், 3, 8, 6, 9 ஆகியவற்றைக் கலைத்துப்போட்டு 14, 18, 24 புள்ளி (பாயிண்ட்) அளவுகளில் அச்சிடுங்கள். முழு வசனம் கொடுத்தால் ஊகித்து வாசித்துவிடுவார். வழமையான கண்ணாடியுடன், அவர் வீட்டு வெளிச்சத்திலேயே வாசிக்கட்டும். பெரும்பாலும் 18இல் தொடங்கலாம். நடுப்பார்வை கெட்டவருக்கு அதைவிடப் பெரிது உதவும். குளுக்கோமா என்ற கண்நோயால் பார்வைப்புலம் குறுகியவருக்கோ மிகப் பெரிய எழுத்து இடைஞ்சல்: ஒரு பார்வையில் இரண்டு எழுத்துத்தான் அகப்படும்.

வரி இடைவெளி 1.5. வேர்டில் ‘எக்ஸாக்ட்லி’ என்று வைத்து அளவைக் குறைத்தால் ‘கீ’யின் மேல்வளைவும் ‘மூ’வின் கீழ்ப்பகுதியும் வெட்டுப்படும்; ‘மல்டிபிள்’ வையுங்கள். இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். இருபக்கமும் இழுத்தால், தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், நடுவே பெரிய வெளிகள் விழும். எழுத்திடைவெளியையும் கூட்ட வேண்டாம். கொம்பு தன் எழுத்தைவிட்டு விலகி நிற்கும்.

மினுங்காத தாளில் கறுப்பு மை. கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கொமியூனிகேஷன் கடையில் பிரதி எடுப்பதானால், ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். பிரதியின் பிரதியில் புள்ளி போய்விடும். மும்மொழி அறிவித்தலில் புள்ளி அளவு ஒன்றாக இருந்தாலும் எழுத்தின் உயரம் ஒன்றாக இராது. அச்சிட்டு, அடிமட்டத்தால் அளந்து சரிசெய்யுங்கள்.

கைபேசிக்கு அனுப்புவதை யூனிகோட்டில் தட்டச்சுச் செய்யுங்கள். அச்சகங்களில் பழக்கமான, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்ததை அப்படியே செய்தியாக ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். திரைவாசிப்பானாலும் அதைத் தமிழாக வாசிக்க முடியாது.