பருவகாலப் பாடம்: சின்ன வகுப்புகளில் நாங்கள் விடும் பிழைகள்

தரம் 2 வகுப்புச் சுவரில் நான் முதன்முதலாக ஒட்டிய பருவகாலப் படத்தில் நான்கு மரங்கள் இருந்தன. ஒன்றில் பூ, ஒன்றில் பச்சை இலை, ஒன்றில் செம்மஞ்சள் இலை, கடைசி மரத்தில் வெண்பனி. இணையத்திலிருந்து எடுத்து, நிறத்தில் அச்சிட்டு, லமினேற் செய்து ஒட்டியது. அப்போது ஒக்ரோபர் மாதம். "இது இலையுதிர் காலம், இப்ப மரமெல்லாம் இலையைக் கொட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்த பிள்ளை யன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ரீச்சர், எங்கட வேம்பு மாசியிலையெல்லோ கொட்டுறது?"

அவள் சொன்னதுதான் சரி. யாழ்ப்பாணத்தில் வேம்பு மாசியில் இலை கொட்டும். பங்குனியில் செந்தளிர் விட்டுப் பூக்கத் தொடங்கும். அந்தப் பூவைக் கூட்டி அள்ளித்தான் வடகம் போடுகிறோம். ஒக்ரோபரில் இங்கே மழை பிடிக்கும், காய்ந்து கிடந்த தரவையெல்லாம் பச்சை பிடிக்கும். ஏழு வயதுப் பிள்ளை அம்மாவோடு முற்றம் கூட்டிக் கூட்டி அறிந்ததை, நான் ஒரு படத்தைக் காட்டிப் பிழையாக்கப் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தை அன்றே கழற்றினேன். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் நான் விட்ட பிழைகளையும், பக்கத்து வகுப்புகளில் கண்டவற்றையும் கீழே எழுதுகிறேன்.

வெளியே இல்லாத பருவத்தைப் படிப்பிப்பது

நாங்கள் இருப்பது பூமத்திய கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்குள். வருடம் முழுக்கச் சூடு பெரிதாக மாறுவதில்லை. காலத்தைப் பிரித்துத் தருவது காற்றும் மழையும். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை சோளகம், அதாவது தென்மேல் காற்று, வீசும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாரிகாலம், அதோடு வாடைக்காற்று. தையிலும் மாசியிலும் விடியற்காலைப் பனி. பங்குனியும் சித்திரையும் வெக்கை. இந்தச் சொற்கள் எல்லாம் பிள்ளையின் வீட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. கடற்றொழிலுக்குப் போகும் அப்பாவும், தோட்டம் செய்யும் அம்மம்மாவும் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுகிற சொற்கள். "சோளகம்" என்ற சொல்லைத் தெரிந்து வருகிற பிள்ளைக்கு "இலையுதிர் காலம்" என்று எழுதிக்கொடுப்பதில் என்ன பயன்?

தமிழ் மரபின் ஆறு பருவங்களை மனப்பாடம் செய்விப்பதும் இந்த வயதுக்கு உதவாது என்பது என் கருத்து. மரபில் கார்காலம் ஆவணியும் புரட்டாசியும். யாழ்ப்பாணத்தில் ஆவணியில்தான் கிணறு அடியில் கிடக்கும். மேல் வகுப்பில் இலக்கியத்தோடு படிக்கட்டும், அங்கே அது அழகாகப் பொருந்தும்.

பாடநூலின் வரிசையை மாற்றாமல் விடுவது

பாடநூல் முழு நாட்டுக்கும் ஒன்று. வானம் அப்படி இல்லை. மே மாதத்திலிருந்து வீசும் தென்மேல் பருவக்காற்று கொழும்பிலும் காலியிலும் இரத்தினபுரியிலும் மழையைக் கொட்டிவிட்டு, மலைநாட்டைத் தாண்டி எங்களிடம் வரும்போது வெறும் காற்றாகத்தான் வரும். அதனால் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடத்தில் மழைப் பகுதி இரண்டாம் தவணையில் வந்து விழுந்தால், பிள்ளைகள் புழுதிக்குள் இருந்துகொண்டு குடை கீறுவார்கள். நான் தவணை தொடங்கும்போதே அதிபரிடம் கதைத்து, மழைப் பாடத்தையும் காற்றுப் பாடத்தையும் இடம்மாற்றிக் கொள்வேன். ஒருவரும் மறுத்ததில்லை.

பெரும்போகம், சிறுபோகம் என்று மாரியில் ஒரு நெல் விளைச்சல், கோடையில் இன்னொன்று என்ற பாடமும் இப்படித்தான். குடாநாட்டில் குளத்து நீர்ப்பாசனம் இல்லை, மழையை நம்பிய ஒரே வெள்ளாண்மை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அரிவு வெட்டுவது. "சிறுபோகத்தில் உங்கட வயல்ல என்ன செய்வினம்?" என்று கேட்டால் "மாடு மேயும் ரீச்சர்" என்றுதான் பதில் வரும். அது பிழையான பதில் இல்லை, அதற்குப் புள்ளி கொடுக்க வேண்டும்.

ஒரு நாளில் தொடங்கி ஒரு நாளில் முடிப்பது

எல்லாப் பிழையிலும் பெரியது இதுதான். பருவம் மெல்ல நகர்வது. ஒரு பாடவேளையில் அதைக் காட்ட முடியாது. திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் பிள்ளைக்கு மாற்றம் தெரியும்.

மழைமானியைச் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் செய்யாத பள்ளிக்கூடம் இல்லை, சரியாகச் செய்கிற இடமும் குறைவு. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் தலையை வெட்டி, அதே போத்தலுக்குள் கவிழ்த்து வைக்க வேண்டும். கடையில் வாங்கிய அகலப் புனலை வைக்கக் கூடாது. புனலின் வாய் போத்தலைவிட இரண்டு மடங்கு அகலமென்றால் தண்ணீர் நான்கு மடங்கு உயரும், அளவெல்லாம் பொய்யாகிவிடும். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால், கொஞ்சம் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் விட்டு, அங்கே ஒரு கோடு கீறி அதைச் சுழியமாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு சென்ரிமீற்றர் ஏறினால் பத்து மில்லிமீற்றர் மழை. மரத்தின் கீழும் தாழ்வாரத்தின் கீழும் வைக்காமல், வெட்டவெளியில் நான்கு செங்கல்லுக்கு நடுவில் இறுக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், காலைப் பிரார்த்தனை முடிந்தவுடன், பார்க்க வேண்டும். திங்கட்கிழமை பார்ப்பது மூன்று நாள் மழை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பார்த்தவுடன் கோட்டுக்கு மேலுள்ள தண்ணீரை வெளியே ஊற்றிவிட வேண்டும். கோட்டுக்குக் கீழே நிற்கும் தண்ணீரையும் வெள்ளிக்கிழமை கொட்டிக் கழுவி மாற்ற வேண்டும். மாரியில் டெங்கு ஏறும் ஊர் இது, மழைமானியே நுளம்பு வளர்க்கும் பாத்திரமாகிவிடக் கூடாது.

தரம் 1, 2 பிள்ளைகளுக்கு மில்லிமீற்றர் விளங்காது. போத்தலோடு ஒரு நீலக் கடதாசித் துண்டைப் பிடித்து, தண்ணீர் நிற்கும் உயரத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். அந்தத் துண்டைச் சுவரில் ஒட்டி, கீழே திகதி எழுதவேண்டும். அடுத்த நாள் அடுத்த துண்டு. மழை பெய்யாத நாளுக்கு வெறும் திகதி மட்டும், ஆனால் திகதி கட்டாயம் வேண்டும். கார்த்திகை முடியும்போது சுவரில் உயர்ந்தும் தாழ்ந்தும் ஒரு வரைபு நிற்கும். அதை ஒருவரும் படிப்பிக்கவில்லை, அவர்களே வெட்டி ஒட்டியது.

அதோடு பள்ளிக்கூடக் கிணற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, கிணற்றுக்கட்டிலிருந்து தண்ணீர் தொடும்வரை ஆசிரியர் மட்டும் இறக்க வேண்டும். பிள்ளைகள் தள்ளி, கீறிய கோட்டுக்குப் பின்னால் நின்று முடிச்சை எண்ணட்டும். புரட்டாசியில் நிறைய முடிச்சு இறங்கும், மார்கழியில் கொஞ்சம்தான். எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரிக்கு மட்டும்தான் ஓடும். சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைதான் குடிதண்ணீர். இதைச் சொற்களால் விளக்கத் தேவையில்லை. ஒரு வருடம் சுவரில் நீலத் துண்டுகள் நீள நீளக் கயிற்றில் முடிச்சுகள் குறைந்ததைப் பார்த்த ஒரு பொடியன், "மழை கிணத்துக்கை போகுது ரீச்சர், ஆனா மேலாலை இல்லை, கீழாலை" என்றான்.

"உச்சிவெயிலில் நிழல் காலடியில்" என்று சொல்லிவிடுவது

தரம் 3, 4 பிள்ளைகளுக்கு நிழல் பாடம் மிக நல்லது. ஆனால் மத்தியானத்தில் நிழல் காலடியில் விழும் என்று பொதுவாகச் சொல்வது பிழை. யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு தரம், சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும். மற்ற நாட்களில் ஒரு பக்கம் சாயும். ஒரு மீற்றர் தடியை நிலத்தில் நிமிர்த்தி நட்டு, மத்தியானம் 12 மணி தாண்டிய கையோடு அளந்தால், யூன் கடைசியில் நிழல் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர், தெற்குப் பக்கமாக விழும். டிசெம்பர் தொடக்கத்தில் வெயில் எறிக்கும் ஒரு நாளைப் பிடித்தால் 60 சென்ரிமீற்றருக்கு மேல் நிழல், அதுவும் வடக்குப் பக்கம். இரண்டு நாளும் நிலத்தில் கல்லை வைத்து அடையாளம் செய்துவிட்டால் போதும். நிழல் பக்கம் மாறியதைக் காணும்போது பிள்ளைகள் போடும் சத்தம் அடுத்த வகுப்புவரை கேட்கும்.

பருவத்தைக் கொண்டாட்டமாகச் சுருக்குவது

தைப்பொங்கல், ஆடிப்பிறப்பு, நல்லூர்த் திருவிழா என்று நாட்காட்டியில் வருவதை மட்டும் பிடித்துக்கொண்டு, உடுப்புடுத்திப் படமெடுத்து முடிப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. ஆடிப்பிறப்புக்குப் பாட்டுப் பாடி, கூழ் குடித்தாயிற்று. ஏன் ஆடியில் கூழ், அதற்குள் போன பனங்கட்டி எங்கேயிருந்து வந்தது, இப்போது பனையில் என்ன நிற்கிறது, நுங்கா பழமா? இதில் ஒன்றையாவது கேட்டால்தான் அது பாடம். வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் இருப்பார்கள், அவர்களுடைய நாட்களையும் கேளுங்கள். நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும், ஆகவே அது ஒரு பருவத்தில் நிற்பதில்லை. அதுவே ஒரு நல்ல பாடம்.

பட்டக் காலத்தில் இன்னொரு பிழை நடக்கிறது. மார்கழி, தையில் வாடைக்காற்றுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் என்ன பட்டமெல்லாம் ஏறுகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். "பட்டம் செய்துகொண்டு வாங்கோ" என்றால் மறுநாள் வருவது மாமாவோ அண்ணாவோ இரவிரவாகக் கட்டிய கொக்குப் பட்டம். பிள்ளையின் கை அதில் படவே இல்லை. வாங்க வசதியில்லாத பிள்ளை அன்று வகுப்புக்கே வராது. ஈர்க்கு, பழைய பேப்பர், சோற்றுப் பசை, இவ்வளவையும் வகுப்பிலேயே வைத்துக்கொண்டு அங்கேயே செய்ய வேண்டும். பறக்காவிட்டாலும் பரவாயில்லை. ஏன் பறக்கவில்லை என்று கேட்டுத் திருத்தி வாலை நீட்டுவதுதான் வேலை.

எல்லா வீட்டுக்கும் ஒரே மழை என்று நினைப்பது

"மழைநாளில் நான்" என்று எழுதச் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். வெள்ளத்தில் வீடு விட்டு வந்து இதே பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் பாய் விரித்துப் படுத்த பிள்ளை முன்வாங்கில் இருக்கலாம். வடமராட்சிக் கரையில் வாடை கடுமையானால் கடல் அடிக்கும், அப்பா தொழிலுக்குப் போகமாட்டார், வீட்டில் காசு இராது. தீவுப் பகுதிப் பிள்ளைக்கு மழை என்றால் உவரில்லாத தண்ணீர். காகிதக் கப்பல் விடுகிற சந்தோசத்தை மட்டும் எதிர்பார்த்துத் தலைப்புக் கொடுக்காமல், "மழை வந்தால் உங்கட வீட்டில் என்ன மாறும்?" என்று கேளுங்கள். எழுத விருப்பமில்லாத பிள்ளை படம் கீறட்டும்.

ஆபத்தை மறப்பது

மாரியில் வேலியெல்லாம் கார்த்திகைப்பூ பூத்து நிற்கும். அழகுதான், ஆனால் செடி முழுக்க நஞ்சு, கிழங்கு மிகக் கொடிய நஞ்சு. பூக்களைப் பறித்து வரச் சொல்லும்போது இதைப் பெயர் சொல்லி விலக்க வேண்டும். ஐப்பசிப் பின்னேரங்களில் இடி கேட்டவுடன் பிள்ளைகள் வகுப்புக்குள் வந்துவிட வேண்டும். கேணி, குளம் நிரம்பியிருக்கும் காலத்தில் வெளிக்களப் பயணம் வேண்டாம். பண்ணைப் பாலத்து வழியில் வலசை வந்த பறவைகளைப் பார்க்க வேண்டுமானால் பஸ்ஸுக்குள் இருந்தே பார்க்கலாம்.

வகுப்பேற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் விதைப்பது

பனங்கொட்டைப் பாத்தி போல நல்ல செயற்பாடு எனக்குத் தெரியாது. பனம்பழக் காலம் முடியும்போது, ஆவணி, புரட்டாசியில், பிள்ளைகள் ஆளுக்கொரு கொட்டை கொண்டு வருவார்கள். மண்ணைக் கொத்தி உயர்த்திப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கி அடுக்கி மூடிவிட்டால், மழையில் முளை கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகும். நான் முதல் தரம் போட்டபோது, தோண்டும் காலம் தை என்பதைத் திட்டத்தில் எழுத மறந்துவிட்டேன். தையில் என் பிள்ளைகள் வகுப்பேறி வேறு ஆசிரியரிடம் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் தாங்கள் போடாத பாத்தியைத் தோண்டினார்கள். யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற பழைய பிள்ளைகளின் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இப்போது கொட்டை போடும் நாளிலேயே அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் சொல்லி வைக்கிறேன். தையில் ஒரு காலை, வகுப்பேறிய பிள்ளைகள் அலவாங்கு பிடிக்கும் பெரியவர் ஒருவரோடு வந்து தோண்டுவார்கள். கிழங்கைக் கழுவி அவிக்கக் கொடுத்துவிட்டு, கொட்டையைப் பிளந்து உள்ளே இருக்கும் பூரானை, அந்த வெள்ளைப் பருப்பை, எடுத்துப் புதிய பிள்ளைகளின் கையில் வைப்பார்கள். எப்படிப் பாத்தி போடுவது என்று அவர்களே சொல்லியும் கொடுப்பார்கள். நான் பக்கத்தில் நிற்பேன், கதைக்கமாட்டேன்.