ரேஷன் அரிசியும் ஒரு பிடி பயறும்: குறைந்த செலவில் சத்தாகச் சாப்பிட ஒரு செய்முறை விளக்கம்

தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது; துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. ஆகவே வயிற்றை நிரப்பும் செலவில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. கையில் மிஞ்சும் பணத்தைச் சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கும் பொருளுக்குச் செலவிடுவதுதான் இங்கே நாம் கற்கவேண்டியது.

முதல் படி: கணக்கு எழுதுங்கள்

ஒரு வாரத்துக்கு வாய்க்குப் போகும் எல்லாவற்றையும் விலையோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். டீக்கடை வடை, பிஸ்கட், பத்து ரூபாய்ச் சிப்ஸ் பாக்கெட் எதையும் விட்டுவிட வேண்டாம். பயறும் முட்டையும் வாங்குவதற்கான பணம் பெரும்பாலும் அந்த வரிகளுக்குள்தான் இருக்கும்.

இரண்டாம் படி: அரிசியில் இருக்கும் சத்தைக் காப்பாற்றுங்கள்

ரேஷன் அரிசியில் ஆங்காங்கே நிறம் சற்று மாறிய மணிகள் தென்படலாம். அவற்றைப் பிளாஸ்டிக் அரிசி என்று நினைத்துப் பொறுக்கி எறிபவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. அவை அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்து அரிசி வடிவிலேயே செய்யப்பட்டு, நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு வீதம் கலக்கப்பட்ட செறிவூட்டப்பட்ட மணிகள். அரிசியை அழுத்தித் தேய்க்காமல் கழுவுங்கள். கஞ்சியை வடித்துக் கொட்டினால் பி வகை வைட்டமின்களில் ஒரு பகுதி சாக்கடைக்குப் போய்விடும் என்பதால், தண்ணீரை அளந்து வைத்துப் பொங்குவது நல்லது; வடித்துத்தான் பழக்கம் என்றால், அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பருப்புக்கு அளவு போடுங்கள்

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 42 கிராம். முந்நூறு கிராம் அரிசியில் சுமார் 20 கிராம், அறுபது கிராம் பருப்பிலோ பயறிலோ 14 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம் என்று கூட்டினால் தேவை நிறைவாகிவிடுகிறது. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக் கூறு பருப்பில் நிறைய இருப்பதால், இரண்டையும் சேர்த்து உண்ணும் நம் வழக்கம் மிகச் சரியானது. குழம்பில் பருப்பைத் தேடவேண்டிய அளவுக்குக் குறைப்பதுதான் தவறு. இந்தக் கணக்கில் நால்வர் கொண்ட வீட்டுக்குப் பருப்பும் பயறுமாக மாதம் ஏழு கிலோ வேண்டும். ரேஷனில் கிடைக்கும் ஒரு கிலோ போக மீதியைப் பச்சைப்பயறு, கொள்ளு, தட்டைப்பயறு, கருப்புக் கொண்டைக்கடலை ஆகியவற்றில் அந்த மாதம் விலை குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

நான்காம் படி: பயறை முளைகட்டுங்கள்

இருநூறு கிராம் பச்சைப்பயறைக் கல் பொறுக்கி, இரண்டு முறை கழுவி, மூன்று மடங்கு தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு தண்ணீரை ஒரு சொட்டுக்கூட நிற்காமல் வடித்து, ஈரமான பழைய பருத்தி வேட்டித் துணியில் தளர்வாக முடிந்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு, துணி காயாதபடி காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். முதல் இரண்டு முறை எனக்குப் பயறு வழவழத்து நாற்றமடித்துவிட்டது. சரியாக வடிக்காமல் கட்டியதே காரணம். சித்திரை வெயிலில் பன்னிரண்டு மணி நேரத்தில் வெள்ளை முனை எட்டிப்பார்க்கும், மார்கழியில் ஒரு முழு நாள் ஆகும். முளைவிடும்போது வைட்டமின் சி உருவாகிறது. இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் ஃபைடேட்டும் குறைகிறது. எனினும் முளை வரும் அதே ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் ஏற்றவை என்பதால், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சையாகக் கொடுக்காமல், பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்துத் தாளித்துக் கொடுங்கள். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும்.

ஐந்தாம் படி: தினமும் ஒரு கீரை

உழவர் சந்தைக்குக் காலையிலேயே போனால் கட்டு வாடாமல் கிடைக்கும். தெருவில் முருங்கை மரம் இருந்தால் கேட்டுப் பறித்துக்கொள்ளுங்கள், யாரும் மறுப்பதில்லை. கீரையைக் கழுவிய பின்னரே நறுக்க வேண்டும், நறுக்கிவிட்டு அலசினால் சத்து தண்ணீரோடு போய்விடும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

இரவில் பாத்திரம் கழுவி முடித்ததும், மறுநாள் கட்டவேண்டிய பயறை அளந்து ஊறப்போட்டுவிட்டுப் படுங்கள். காலையில் சோற்றுக்கு உலை வைக்கும்போதே அதை வடித்து முடிந்துவிடலாம்.