எதற்காக ஆன்லைனில் வாங்குகிறோம்? காரணம் மாறினால் தவறும் மாறும்

போகிக்கு வீடு ஒழித்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து பிரிக்காத பார்சல் ஒன்று வந்தது. டேப்கூடக் கிழிபடவில்லை. உள்ளே, கயிற்றை இழுத்துக் காய் நறுக்கும் சாப்பர். அதே மாதிரி ஒன்று ஏற்கெனவே அடுப்படியில் இருக்கிறது. அன்று ராத்திரியே ஆப்பைத் திறந்து, முந்தின ஒரு வருஷத்தில் போட்ட ஆர்டர்களை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதி, பக்கத்தில் "ஏன் வாங்கினேன்" என்றும் எழுதினேன். மொத்தம் 63. வாரத்துக்கு ஒன்றுக்கும் மேல். யாராவது கேட்டிருந்தால் "மாசத்துக்கு ரெண்டு மூணு இருக்கும்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

காரணங்கள் நாலு வகைக்குள் அடங்கிவிட்டன: ஊரில் கிடைக்கவில்லை, விலை குறைவு, கடைக்குப் போக நேரமில்லை, சும்மா. பணம் வீணான ஆர்டர்களைச் சுழித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு காரணத்துக்கும் அதற்கே உரிய தவறு ஒன்று இருந்தது. அதனால்தான் எல்லோருக்கும் ஒரே மாதிரி "கவனமாக வாங்குங்கள்" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

முதல் வகையில் தவறு குறைவு. எங்களுடையது தாலுகா ஊர். மிக்ஸி ஜாரின் கப்ளர் வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். தேவை நிஜம், பொருளும் தெரியும். இங்கே நடக்கும் ஒரே பிழை, படத்தைப் பார்த்து வாங்குவது. படத்தில் எல்லாக் கப்ளரும் ஒன்று போலத்தான் இருக்கும். மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் லேபிளை போட்டோ எடுத்து, அந்த மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். கேஸ் அடுப்பு பர்னர், தண்ணீர் ஃபில்டர் கேண்டில், லேப்டாப் சார்ஜர் எல்லாவற்றுக்கும் இதுவேதான்.

"விலை குறைவு" என்று எழுதிய வரிகள்தான் எனக்கு அதிகச் செலவு வைத்தவை. ஆடித் தள்ளுபடிக்குத் தி.நகர் போகிறவர், எவ்வளவு கூட்டம் இருந்தாலும் புடவையைக் கையில் கசக்கிப் பார்ப்பார், முந்தியை வெளிச்சத்தில் விரிப்பார். திரையில் அந்தக் கை இல்லை. அதற்குப் பதிலாக இருப்பது எழுத்து ஒன்றுதான், நாம் அதைத்தான் படிப்பதில்லை. தலைப்பில் "காஞ்சிபுரம் சில்க் சாரி" என்று இருக்கும்; கீழே துணி விவரத்தில் "ஆர்ட் சில்க்" என்று இருக்கும். அந்த ஆர்ட், ஆர்ட்டிஃபிஷியல் என்பதன் சுருக்கம், அதாவது செயற்கை இழை. கலைநயமுள்ள பட்டு என்று நினைத்து வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். "சில்க் பிளெண்ட்", "காஞ்சிபுரம் ஸ்டைல்" என்பவையும் அந்த ஜாதிதான். மதுரைச் சுங்குடி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது, முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் துணி. "சுங்குடி பிரிண்ட்" என்று எழுதியிருந்தால் அதில் முடிச்சே இல்லை, புள்ளியை அச்சடித்திருக்கிறார்கள். 600 ரூபாய்க்கு அச்சுத் துணி வாங்குவதில் தவறில்லை. அதை முடிச்சுத் துணி என்று நம்பி வாங்குவதுதான் தவறு. பட்டுக்குச் சில்க் மார்க், கைத்தறிக்குக் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

அடித்துப் போட்ட விலையையும் நம்பாதீர்கள். 2,999-ஐக் கோடு போட்டு அடித்து 749 என்று காட்டினால், அந்தப் பொருள் என்றைக்காவது 2,999-க்கு விற்றதா என்பதுதான் கேள்வி. அதே பொருளை வேறு இரண்டு இடங்களில் பார்த்தால் உண்மை விலை தெரிந்துவிடும். மளிகைக்கு அளவைப் பாருங்கள்: படத்தில் ஒரு லிட்டர் மாதிரி தெரியும் எண்ணெய் பாக்கெட் 850 மில்லியாக இருக்கலாம். இலவச டெலிவரிக்கு இன்னும் 80 ரூபாய் குறைகிறது என்று 150 ரூபாய்ப் பொருளைச் சேர்ப்பதை நான் ஒன்பது முறை செய்திருக்கிறேன். மிச்சம் பிடிக்க நினைத்த டெலிவரிக் கட்டணமோ ஒவ்வொரு முறையும் 40 ரூபாய்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ., அதாவது "வட்டியில்லாத் தவணை" பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. இங்கே நடப்பது, வங்கி வாங்கும் வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் கழிப்பது. ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அது நம் தலையில். 30,000 ரூபாய் போனுக்கு ஆறு மாத வட்டி 1,500 என்று வைத்துக்கொண்டால் வரி 270. பிராசஸிங் ஃபீஸ் 199 என்றால் அதற்கும் வரி சேர்த்து 235. ஆக 505 ரூபாய். முழுப் பணம் கட்டுகிறவருக்குத் தனித் தள்ளுபடி இருந்தால் அதையும் இழக்கிறோம். தவணை தேவைப்படுகிறவர் தாராளமாக எடுக்கலாம், இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

விலை பார்க்கவே கூடாத பொருள்களும் உண்டு. பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அது இல்லாத குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்கவிட்டதற்காக 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய தளங்களுக்கே தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதாவது தளம் பெரிது என்பது முத்திரைக்கு உத்தரவாதம் இல்லை. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். குக்கர் வெடித்தால் மிச்சம் பிடித்த 300 ரூபாயால் ஒன்றும் ஆகாது.

"நேரமில்லை" வகையில் பொருள் பெரும்பாலும் சரியாகவே வரும். எத்தனை தடவை என்பதில்தான் பணம் போகிறது. சென்னையில் இருக்கும் என் தம்பி வீட்டில் பத்து நிமிட டெலிவரியில் காலையில் கொத்தமல்லி, மத்தியானம் தயிர், ராத்திரி பிரெட். ஒவ்வொரு பில்லிலும் ஹேண்ட்லிங் சார்ஜ், சின்ன ஆர்டருக்கான கட்டணம் என்று தனித்தனி வரிகள். அடுப்படியில் ஒரு சீட்டு ஒட்டி, தீர்ந்ததை எழுதி, வாரத்துக்கு இரண்டு ஆர்டராக மாற்றினார்கள். அந்த வரிகள் பெரும்பாலும் காணாமல் போயின.

கடைசியாகச் சும்மா. என் 63-இல் 17 இந்த வகை, பெரும்பாலானவை ராத்திரி பத்தரைக்கு மேல் போட்டவை, சாப்பர் உட்பட. "இரண்டு மட்டுமே மீதம்", "சலுகை முடிய 09:42" என்று ஓடும் கடிகாரம் எல்லாம் அந்த நேரத்து ஆளுக்காகவே செய்யப்பட்டவை. பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, கடைசித் திரையில் கட்டணத்தை ஏற்றுவது போன்ற 13 தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய அரசின் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. இருந்தும் கண்ணில் படத்தான் செய்கின்றன. நான் இரண்டு காரியம் செய்தேன்: சேமித்து வைத்த கார்டு விவரத்தை அழித்தேன், ராத்திரி பிடித்ததைக் கூடையில் மட்டும் போட்டுவிட்டுக் காலைக் காபிக்குப் பிறகு பார்க்கிறேன். பாதிக்கு மேல் காலையில் வேண்டியிருப்பதில்லை.

எந்தக் காரணத்துக்கு வாங்கினாலும், பார்சல் வாசலுக்கு வந்த பிறகு நடக்கும் தவறு ஒன்று உண்டு: ஆவலில் உடனே பிரிப்பது. போன வருஷம் இன்ஸ்டாகிராமில் விற்கும் ஒருவரிடம் வாங்கிய புடவையில், உடலின் நடுவே இரண்டு விரல் நீளத்துக்கு இழை அறுந்திருந்தது. போட்டோ அனுப்பினேன். "ஓப்பனிங் வீடியோ இருந்தால் மட்டுமே பேசுவோம்" என்று பதில் வந்தது. என்னிடம் வீடியோ இல்லை, பில்லும் கேட்டு வாங்கவில்லை. அதிலிருந்து போனை டப்பா மேல் சாய்த்து வைத்து, முதலில் முகவரி லேபிள், பிறகு டேப் ஒட்டிய எல்லாப் பக்கமும், பிறகு கத்தரி, பிறகு பொருள் என்று நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்கிறேன். புடவை என்றால் ஒரு முனையிலிருந்து முந்தி வரை முழுதாக விரிக்கிறேன். இரண்டு நிமிஷம் ஆகும்.

"நோ ரிட்டர்ன்" என்று எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. பிடிக்கவில்லை, நிறம் மாறித் தெரிகிறது என்பது வேறு விஷயம். அதற்கு விற்பவர் கொடுக்கும் ரிட்டர்ன் வசதி மட்டும்தான்.

பணம் திரும்ப வரவில்லை என்றதும் கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடாதீர்கள். அங்கே கிடைக்கும் எண்களில் மோசடிக்காரர்களுடையவையும் கலந்திருக்கின்றன. ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பக்கம் வழியாக மட்டும் பேசுங்கள். ரீஃபண்ட் வாங்க யு.பி.ஐ. பின் போடத் தேவையில்லை, திரையைப் பகிரும் ஆப்பும் தேவையில்லை. வீட்டில் யாரும் ஆர்டர் போடாத பார்சலுக்கு வாசலில் காசு கொடுக்காதீர்கள் என்று பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்க அது கணக்கு மாறிப் போய்க்கொண்டிருக்கும்.

விற்றவர் மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் சூரத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. இழை அறுந்த புடவைக்கு நான் 1915-இல்தான் பதிவு செய்தேன். கையில் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் அவர்களுடைய வாட்ஸ்அப் பதிலும் மட்டும் இருந்தன. மூன்றாவது வாரம் 1,450 ரூபாய் வந்து சேர்ந்தது.