தீபாவளிக் கொள்முதல்: இஆர்பிநெக்ஸ்ட்டில் ரீ-ஆர்டர் லெவல் வைப்பது எப்படி

இருப்பு, கொள்முதல், விற்பனைக் கணக்கைப் பார்க்கும் மென்பொருளான இஆர்பிநெக்ஸ்ட்டில் ஒரு சரக்குக்கு ஒரு குடோனில் கொள்முதலுக்கு ஒரே ஒரு ரீ-ஆர்டர் லெவல்தான் (இருப்பு எவ்வளவுக்கு இறங்கினால் மறுபடி ஆர்டர் கேட்க வேண்டும் என்ற எண்) வைக்க முடியும். அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று குறிக்க அங்கே வழியில்லை. சாதாரண நாளில் மூன்று வேட்டி போகும் ஜவுளிக்கடையில் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் நாளுக்கு முப்பது போகும். இரண்டுக்கும் ஒரே எண் பொருந்தாது. ஆகவே சீசனுக்கு நான்கு முறை, முன்பே காலண்டரில் குறித்த தேதிகளில், அந்த எண்ணை நாமே மாற்ற வேண்டும். தேதிகளையும் எண்களையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஓர் எட்டு முழ வேட்டியை வைத்துப் பார்ப்போம். சட்டைக்கும் துண்டுக்கும் கணக்கு இதேதான்.

அடிப்படை அமைப்பு

ஸ்டாக் செட்டிங்ஸில் ஆட்டோ மெட்டீரியல் ரிக்வெஸ்ட் பகுதிக்குப் போய், இருப்பு ரீ-ஆர்டர் லெவலைத் தொட்டதும் ரிக்வெஸ்ட் (சரக்கு வேண்டும் என்ற கோரிக்கை) எழுப்பச் சொல்லும் பெட்டியில் டிக் போடுங்கள். மின்னஞ்சல் அனுப்பும் பெட்டியிலும் போடுங்கள். இந்த வேலை தினம் ஒருமுறை ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் பகுதி) வழியாக நடக்கிறது. சொந்த சர்வரில் ஓட்டுபவர்கள் ஷெட்யூலர் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அது நின்றிருந்தால் எந்த எச்சரிக்கையும் வராது, ரிக்வெஸ்ட்டும் வராது.

அடுத்து ஐட்டத்தைத் திறந்து, ஆட்டோ ரீ-ஆர்டர் அட்டவணையில் ஒரு வரிசை சேர்க்கவும். கிளைகள் உள்ள கடை என்றால், இருப்பைச் சரிபார்க்கும் இடத்தில் எல்லாக் கிளைகளையும் அடக்கிய குரூப் வேர்ஹவுஸையும், சரக்கு வந்திறங்கும் இடத்தில் மெயின் குடோனையும் கொடுங்கள்; வகை பர்ச்சேஸ். கிளைகளுக்குத் தனி வரிசை வேண்டுமானால் அதன் வகை டிரான்ஸ்ஃபராக இருக்கட்டும். ஒவ்வொரு கிளைக்கும் பர்ச்சேஸ் என்று வைத்தால், ஒரு கிளையில் வேட்டி அடுக்கிக் கிடக்கும்போதே இன்னொரு கிளைக்காகப் புதிதாக ஆர்டர் போகும்.

லெவலும் ஆர்டர் அளவும் ஸ்டாக் யூனிட்டில்தான் எழுத வேண்டும். வேட்டியை பீஸாக விற்று, 20 பீஸ் கொண்ட பண்டலாக வாங்குகிறீர்கள் என்றால், ஆர்டர் அளவில் 5 என்று எழுதினால் அது 5 பீஸ். 5 பண்டல் அல்ல. 100 என்று எழுதுங்கள். பர்ச்சேஸ் யூனிட்டை பண்டல் என்றும் மாற்று விகிதத்தை 20 என்றும் வைத்திருந்தால், ரிக்வெஸ்ட்டில் அது 5 பண்டலாகத் தானே மாறிவிடும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஐட்டத்தில் லீட் டைம் (ஆர்டர் போட்டு சரக்கு வந்துசேர ஆகும் நாட்கள்), சேஃப்டி ஸ்டாக் (அவசரத்துக்கு வைக்கும் கைகாப்பு) என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. சீசன் வருகிறதே என்று இவற்றை மட்டும் கூட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ரிக்வெஸ்ட் எப்போது எழும் என்பதை இந்த இரண்டும் தீர்மானிப்பதில்லை. லீட் டைம், ரிக்வெஸ்ட்டில் சரக்கு தேவைப்படும் தேதியைக் கணக்கிட உதவும். சேஃப்டி ஸ்டாக், பரிந்துரை ரிப்போர்ட்டில் கூட்டப்படும். ரிக்வெஸ்ட்டை எழுப்புவது ரீ-ஆர்டர் லெவல் மட்டுமே. இரண்டையும் கணக்கில் சேர்த்து அந்த எண்ணை நாம்தான் எழுத வேண்டும். மன்த்லி டிஸ்ட்ரிபியூஷனும் அப்படித்தான். அது பட்ஜெட்டையும் விற்பனை இலக்கையும் மாதவாரியாகப் பிரிக்கும், கொள்முதலைத் தொடாது.

மாதத்தை ஒப்பிடாதீர்கள்

2024இல் தீபாவளி அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. போன அக்டோபர் விற்பனையை வைத்து இந்த அக்டோபருக்கு வாங்கினால், 2026இல் சரக்கு 19 நாள் முன்னதாக வந்து குடோனில் பணம் முடங்கும். 2025இல் அதே தவறைச் செய்திருந்தால் 11 நாள் தாமதம். பண்டிகைக்கு அது பிழைக்க முடியாத தாமதம். பொங்கலுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது ஜனவரி 14 அல்லது 15இல் நிற்கும். தீபாவளிக்கோ பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கித்தான் எண்ண வேண்டும்.

பண்டிகைக்கு முந்தைய எட்டு வாரத்தை எடுத்தால் போதும். 2025க்கு அது ஆகஸ்ட் 25 முதல் அக்டோபர் 19 வரை. 2026க்கு செப்டம்பர் 13 முதல் நவம்பர் 7 வரை. இந்த அளவில் நிறுத்துவதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஆடித் தள்ளுபடி விற்பனை உள்ளே வராது. விலையைக் குறைத்துப் பழைய சரக்கைக் கழித்த நாட்களை வைத்துத் தீபாவளித் தேவையை அளக்கக் கூடாது.

2025 தேதிகளைக் கொடுத்து ஐட்டம்வைஸ் ரெக்கமெண்டட் ரீஆர்டர் லெவல் ரிப்போர்ட்டை எடுங்கள். அதன் சூத்திரம் எளிது: சராசரி தினசரி வெளியேற்றம் × லீட் டைம் + சேஃப்டி ஸ்டாக். நம் வேட்டி 56 நாளில் 548 போயிருக்கிறது, நாளுக்குக் கிட்டத்தட்ட 10. சீசனில் சரக்கு வர 15 நாள், கைகாப்பு 60 என்றால் ரிப்போர்ட் 207 என்று காட்டும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் காரணம், விற்பனை வேறு, தேவை வேறு. கடைசி 14 நாளில் விற்றது 240தான். ஆனால் ஸ்டாக் லெட்ஜரைத் திறந்தால் அதில் 6 நாள் இருப்பு பூஜ்யம். சரக்கு இருந்த 8 நாளால் வகுத்தால் நாளுக்கு 30. 14ஆல் வகுத்தால் 17. போன வருடம் வெறுங்கையோடு திரும்பிப் போனவர்களை இந்த வருடமும் அனுப்பிவிடக் கூடாது என்றால் 30தான் சரியான எண். இதேபோல், ஓர் அலுவலகம் போனஸோடு கொடுக்க ஒரே பில்லில் 100 வாங்கியிருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். இந்த வருடமும் வேண்டுமா என்று அவர்களையே கேட்டு, வேண்டுமென்றால் சேல்ஸ் ஆர்டராகப் பதியுங்கள்.

இரண்டாவது காரணம், எட்டு வாரமும் ஒன்றுபோல் ஓடாது. வேட்டியின் ஓட்டத்தைப் பிரித்தால் முதல் நான்கு வாரம் நாளுக்கு 5, அடுத்த இரண்டு வாரம் 12, கடைசி இரண்டு வாரம் 30. சராசரி இந்த ஏற்றத்தை மறைத்துவிடுகிறது.

தேதியும் எண்ணும்

இன்று வைக்கும் லெவல், இன்று முதல் அடுத்த லோடு வரும்வரை விற்கப்போவதைத் தாங்க வேண்டும். ஆகவே ஓட்டம் மாறும் நாளுக்கு ஒரு லீட் டைம் முன்னதாகவே லெவலை மாற்ற வேண்டும். 2026க்கு, 15 நாள் லீட் டைமில் (கடைசியில் கூட்டியிருப்பது கைகாப்பு):

- ஆகஸ்ட் 29: லெவல் 95 (5 × 15 + 20)
- செப்டம்பர் 26: லெவல் 220 (12 × 15 + 40)
- அக்டோபர் 10: லெவல் 510 (30 × 15 + 60)
- அக்டோபர் 20: லெவல் 34 (3 × 8 + 10)

கடைசி வரியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அது மட்டும் 15 நாளுக்குப் பதில் 19 நாள் முன்னதாக வருகிறது. தீபாவளி முடிந்தபின் குறைக்கலாம் என்று 510ஐ விட்டுவைத்தால், நவம்பர் 6ஆம் தேதி கூட்டத்தில் இருப்பு இறங்க இறங்க சிஸ்டம் ஆர்டர் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சரக்கு பண்டிகை முடிந்து இரண்டு வாரம் கழித்து வரும். அக்டோபர் 20 அன்று கையிலும் வழியிலுமாக 510 இருந்தால், அதிலிருந்து தீபாவளிவரை போகப்போவது 5 நாளுக்கு 60, 14 நாளுக்கு 420, ஆக 480. மிஞ்சுவது 30, சாதாரண நாளுக்கு அது போதும். சாதாரண நாட்களில் லீட் டைம் 8 நாள் என்று எடுத்திருக்கிறோம். சீசனில் அது 15 ஆவது தறிக்காரர்களிடமும் பார்சல் சர்வீஸிலும் வேலை குவிவதால்தான். உங்கள் எண்ணைப் போன வருடப் பர்ச்சேஸ் ஆர்டர் தேதிக்கும் ரசீது தேதிக்கும் உள்ள இடைவெளியிலிருந்து எடுங்கள், சப்ளையர் வாய்ச்சொல்லிலிருந்து வேண்டாம்.

ரிக்வெஸ்ட்டில் வரும் அளவு, நீங்கள் கொடுத்த ஆர்டர் அளவு அல்லது லெவலுக்குக் குறையும் அளவு, இரண்டில் பெரியது. அக்டோபர் 10 அன்று இருப்பு 220 என்றால், ஆர்டர் அளவு 100 ஆக இருந்தாலும் 290 கேட்கும்.

நூற்றுக்கணக்கான ஐட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற முடியாது. டேட்டா இம்போர்ட்டில், ஏற்கெனவே உள்ள பதிவுகளைப் புதுப்பிக்கும் வகையைத் தேர்ந்து, ரீ-ஆர்டர் அட்டவணையோடு டெம்ப்ளேட்டை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அட்டவணை வரிசையின் ஐடி பத்தி கட்டாயம் இருக்கட்டும். அதை வைத்துத்தான் எந்த வரிசையைத் திருத்துவது என்று சிஸ்டத்துக்குத் தெரியும். நான்கு தேதிக்கு நான்கு ஃபைலை ஆடி மாதத்திலேயே தயார் செய்து வையுங்கள். சீசன் நடுவில் உட்கார்ந்து கணக்குப் போட யாருக்கும் நேரம் இருக்காது.

ரிக்வெஸ்ட் வரவில்லை என்றால்

சிஸ்டம் பார்ப்பது அலமாரியில் உள்ள இருப்பை அல்ல, புரொஜெக்டட் குவான்டிட்டியை. சப்மிட் செய்த ரிக்வெஸ்ட்டும் பர்ச்சேஸ் ஆர்டரும் அதில் கூடும், சேல்ஸ் ஆர்டர் கழியும். மார்ச்சில் 300 வேட்டிக்கு ஆர்டர் போட்டு 180தான் வந்தது, மீதியை சப்ளையர் கைவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆர்டரை க்ளோஸ் செய்யாவிட்டால், வராத 120ஐ வரப்போவதாகவே சிஸ்டம் எண்ணும். ஆகஸ்ட் கடைசிக்குள் ஸ்டாக் புரொஜெக்டட் குவான்டிட்டி ரிப்போர்ட்டைப் பார்த்து, செத்த ஆர்டர்களையெல்லாம் மூடுங்கள். டிராஃப்ட்டாகக் கிடக்கும் பர்ச்சேஸ் ஆர்டர் கணக்கில் வராது.

தீபாவளிக்கு மட்டும் வாங்கும் டிசைன்களுக்கு, அக்டோபர் 20 அன்று ரீ-ஆர்டர் வரிசையையே நீக்கிவிடுங்கள். எண்ட் ஆஃப் லைஃப் தேதி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். அந்தத் தேதிக்குப் பின் மிஞ்சிய சரக்கை பில் போடவும் முடியாது. போன வருடம் இல்லாத புது டிசைனுக்கு, அதே விலை வரிசையில் இருந்த ஐட்டம் குரூப்பின் மொத்த ஓட்டத்தை எடுத்து, சட்டை என்றால் 38, 40, 42 சைஸ்கள் எந்த விகிதத்தில் போயின என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

லெவலை ஏற்றும் முன் பணத்தையும் பாருங்கள். சிறு உற்பத்தியாளரிடம் வாங்கினால் 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி 45 நாளுக்கு மேல் தவணை பேச முடியாது. செப்டம்பர் 13 அன்று வந்திறங்கும் வேட்டிக்கு அக்டோபர் 28க்குள் பணம் கொடுக்க வேண்டும், கடைசி இரண்டு வாரக் கூட்டம் தொடங்கிய சில நாளிலேயே. கை இறுக்கம் என்றால் முதல் இரண்டு லெவல்களில் கைகாப்பைக் குறையுங்கள், அக்டோபர் 10 எண்ணில் கை வைக்காதீர்கள்.