குடில் புல்லைத் தட்டில் வளர்த்துக்கொள்ளுங்கள்

கிறிஸ்துமஸ் குடிலில் புல்லுக்காக விதைக்கும் கேழ்வரகைக் குடிலுக்குள்ளேயே தூவாமல், டிசம்பர் 14, 15 வாக்கில் பழைய தட்டு, கொட்டாங்கச்சி என்று தனித்தனியாக விதைத்து, 24ஆம் தேதி மாலை எடுத்து அடுக்கிவிடுங்கள். குடில் வீட்டு மூலையில் இருக்கும், அங்கே வெளிச்சம் போதாமல் புல் வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். தட்டு என்றால் திண்ணையில் வைத்து மழை வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளலாம், நம் பக்கம் மார்கழி மழையை நம்ப முடியாதே. நாற்றங்காலுக்கு விதை நெல்லைக் கட்டி வைப்பதுபோல, கேழ்வரகையும் இரவு ஊறவைத்து ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் நெருக்கமாகத் தூவினால் சீராக வளரும். கடையில் பிளாஸ்டிக் புல் வாங்கும் காசு மிச்சம்.

அக்கா பிள்ளை, தம்பி பிள்ளை என்று வரும் வாண்டுகளுக்கு ஆளுக்கொரு தட்டு கொடுத்துவிடுங்கள், தண்ணீர் தெளிக்கும் சண்டை பாதியாகக் குறையும் (முழுதாக எல்லாம் குறையாது). குடிலை ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை வைப்பவர்கள் 22ஆம் தேதி இன்னொரு ஈடு விதைத்து வைத்தால், முதல் புல் பழுக்கும்போது மாற்றிவிடலாம்.

வறுத்த கேழ்வரகு முளைக்காது. கேழ்வரகுக்குப் பதில் நெல் விதைப்பதானால், மருந்து கலந்த விதை நெல்லைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் வேளாங்கண்ணி போகிறவர்களுக்கும் இது சரிவராது, தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும்.