காய்ந்த ரோட்டில் 4எச் எதற்கு? ஃபோர் வீல் வண்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஃபோர் வீல்தானே, எங்கே வேண்டுமானாலும் போகும்" என்ற நினைப்புதான் முதல் தவறு. ஃபோர் வீல் என்றால் இன்ஜின் சக்தி நான்கு சக்கரத்துக்கும் போகும் வண்டி. ஆனால் அந்த இழுவை எப்படிப் போகிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

மஹிந்திரா தார், ஜிம்னி, கூர்கா போன்றவற்றில் வருவது பார்ட் டைம் வகை, அதாவது தேவைப்படும்போது மட்டும் ஓட்டுபவரே நான்கு சக்கர இழுவையைப் போடுவது. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச் (சாதாரண வேகத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றியாக வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த ரோட்டில் டயர் வழுக்காது. ஸ்டியரிங் இறுகும், வண்டி வெட்டி வெட்டிப் போகும், அந்த முறுக்கு முழுவதும், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது பலர் 4எச் போடுகிறார்கள். ரோடு காய்ந்திருந்தால் 2எச் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) போதும். 4எல் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் நிலை) போட வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். ஓட்டத்தில் லீவரை இழுத்தால் பல் உரசும்.

மாருதி கிராண்ட் விட்டாராவின் ஆல் வீல் டிரைவ் வேறு ரகம். சாதாரணமாக முன் சக்கரம்தான் இழுக்கும். தேவைப்படும்போது ஒரு கிளட்ச் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும். எந்த ரோட்டிலும் பயமில்லை, ஆனால் 4எல் கிடையாது. ஆற்று மணலில் புதைந்தபின் ஆக்சிலேட்டரை விடாமல் மிதித்தால் அந்த கிளட்ச் சூடேறும், பின் சக்கரத்துக்கு இழுவை நின்றுபோகும். நிறுத்தி ஆறவிடுங்கள், சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டுங்கள். இந்த வகையில் நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால் சுற்றளவு மாறி, கிளட்ச் ஓயாமல் வேலை செய்யும்.

மணலில் இறங்குமுன் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைக்காதது அடுத்த தவறு. குறைத்ததை மறந்து அப்படியே நான்குவழிச் சாலையில் ஏறுவது அதைவிட ஆபத்து. டயர் சூடாகி வெடிக்கும்.

திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் மழை பெய்த கரிசலில் எந்த வகையும் உதவாது. டயர் பள்ளங்களில் மண் அப்பி, நான்கு சக்கரமும் சேர்ந்தே வழுக்கும். மண் காயும்வரை காத்திருங்கள். பிரேக்கும் அப்படித்தான்: எந்த ஃபோர் வீலும் வண்டியைச் சீக்கிரம் நிறுத்தித் தராது.